ஏழு பேர், ஒரு 1.3 டீசல், எழுபது கொண்டை ஊசி வளைவு

எங்கள் வீட்டில் எங்கே கிளம்பினாலும் ஆறு பேர். அக்கா வந்துவிட்டால் ஏழு. பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு சின்னக் காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போய் வந்தது போதும், ஏழு பேர் வண்டி ஒன்று பார்த்துவிடலாம் என்று பேச்சு எழுந்ததும் எல்லார் வாயிலும் வந்த பெயர் இன்னோவாதான். பழசானாலும் இன்னோவா விலை இறங்காது என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் கைக்கு அடக்கமாக நின்றது மாருதி எர்டிகா டீசல். 2014 மாடல், நடு வகையான விடிஐ. 2021-இல் இரண்டாம் கையாக வாங்கினேன், இன்றும் அதுதான் ஓடுகிறது. நாமக்கல்லில் இருந்துகொண்டு கொல்லிமலை, ஏற்காடு, பழநி, சென்னை என்று எல்லாத் திசையிலும் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். டீசல் எர்டிகா இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை என்பதால் இது பழைய வண்டி தேடுகிறவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

முதலில் இன்ஜின். இந்த வண்டியின் நல்லது கெட்டது எல்லாமே அதில் இருந்துதான் தொடங்குகின்றன. 2012 ஏப்ரலில் எர்டிகா வந்தபோது டீசலில் போட்டது 1,248 சிசி, நான்கு சிலிண்டர், காமன் ரெயில் இன்ஜின். மாருதி இதை டிடிஐஎஸ் என்று சொன்னாலும் பிறப்பால் இது ஃபியட்டின் மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா, மான்ஸா, ஃபியட் புன்டோ, லீனியா, செவ்ரோலெ என்ஜாய் என்று ஒரு காலத்தில் நம் நாட்டில் ஓடிய பாதி டீசல் கார்களின் வயிற்றில் இதுதான் இருந்தது. அதனால் ஒரு பெரிய லாபம்: எந்த ஊர் மெக்கானிக்கும் இதைப் பிரித்துப் பார்த்திருப்பார், உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். இதே இன்ஜின் இரண்டு விதமாக வந்தது. ஸ்விஃப்ட், டிசையரில் வந்தது 75 பிஎஸ் (குதிரைத்திறன்). எர்டிகாவில் வந்தது 90 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்பு விசை). இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இரண்டுக்கும் வேறு. எர்டிகாவில் இருப்பது உள்ளே இறக்கைகள் திரும்பி வேகத்துக்கு ஏற்பப் புகை வரும் வழியைக் குறுக்கி அகலமாக்கும் வகை. டர்போ மாற்றும் நிலை வந்தால் ‘எல்லாம் ஒரே மல்டிஜெட்தானே, ஸ்விஃப்ட் டர்போ போட்டுக்கலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெட்ரோல் எர்டிகாவுக்கு 95 பிஎஸ். காகிதத்தில் டீசலைவிட அதிகம். ஆனால் டார்க் 130 நியூட்டன் மீட்டர்தான். ஏழு பேரும் பையும் ஏறிய வண்டியை மேட்டில் இழுப்பது இந்த டார்க். பெட்ரோல் வண்டியில் கியரைக் குறைத்து இன்ஜினை அலறவிட்டு ஏற வேண்டிய இடத்தில் டீசல் வண்டி சத்தமில்லாமல் மூன்றாவது கியரில் ஏறும். வண்டி பார்க்கப் போகும்போது பிஎஸ் எண்ணை மட்டும் பார்த்து முடிவு பண்ண வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் அந்த 200 நியூட்டன் மீட்டர் முழுதாகக் கிடைப்பது 1,750 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு அத்தனை சுற்று சுற்றும்போது. அதற்குக் கீழே இது வெறும் 1.3 லிட்டர் இன்ஜின். டர்போ காற்றுப் பிடிக்கும் வரை வண்டி சோம்பலாக இருக்கும். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. தெரியும் இடம் கொல்லிமலை.

அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கி மலைமேல் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் அடியோடு குறைகிறது, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்க வேண்டும், வளைவு முடிந்த கையோடு மேடு. இரண்டாவது கியரிலேயே வளைந்துவிடலாம் என்று நினைத்தால் வளைவின் நடுவில் ஆர்பிஎம் முள் 1,200-க்கு இறங்கிவிடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பின்னால் பஸ் வேறு ஹாரன் அடிக்கும். என் மாமா லாரி வைத்திருப்பவர். முதல் தடவை மலையேறியபோது முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பத்துப் பதினைந்து வளைவு வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சொன்னார்: “மாப்ள, டர்போ காத்து புடிக்கறதுக்குள்ள வளைவு முடிஞ்சு போயிரும். வளைவுக்கு முன்னாடியே ஒண்ணுல போட்டுரு. முள்ள ரெண்டாயிரத்துக்குக் கீழ விடாத.”

அதுதான் இந்த வண்டியை ஓட்டும் முழுச் சூத்திரம். முள் இரண்டாயிரத்தில் இருந்தால் குதிரை, ஆயிரத்து ஐந்நூறில் இருந்தால் கழுதை. கூர்மையான வளைவு கண்ணில் பட்டதுமே, வளைவுக்குள் போகும் முன்பே முதல் கியர். வளைந்து நேரானதும் இரண்டு. வளைவின் நடுவில் கிளட்சைப் பாதி மிதித்து ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து ஒப்பேற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படி ஓட்டினால் ஒரே மலைப் பயணத்தில் கிளட்ச் தீய்ந்த வாடை வரும். அந்த வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுவதைத் தவிர வழியில்லை.

இன்னொன்று, இது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. ஏழு பேர் ஏறினால் எடை பின்னால் போகிறது, மேட்டில் இன்னும் பின்னால் போகிறது. மழை பெய்து ஜல்லி பரவிக் கிடக்கும் வளைவில் முன் டயர் சுற்றிக்கொண்டு நிற்கும். பதறிப் போய் இன்னும் மிதிக்காமல், காலை லேசாக எடுத்து ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கினால் பிடித்துக்கொள்ளும். முன் டயர்கள் இரண்டும் நல்ல பட்டனோடு இருப்பது இந்த வண்டிக்கு மிக முக்கியம்.

இறங்கும்போது லாரிக்காரர்கள் சொல்வதுதான் வேதம்: ஏறின கியரில் இறங்கு. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பண்ணுகிறேன் என்று சொல்பவரோடு மலை இறங்கவே இறங்காதீர்கள். கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை என்றால் இன்ஜின் எரிபொருளை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் சும்மா ஓடுவதற்கு டீசல் செலவாகும். மிச்சமும் இல்லை, பிரேக்கும் சூடேறும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக், முன்னால் மட்டும்தான் டிஸ்க். முழுச் சுமையோடு எழுபது வளைவும் பிரேக்கிலேயே இறங்கினால் கடைசி வளைவுகளில் பெடல் மெத்தென்று ஆகிவிடும். அடிவாரம் வந்ததும் உடனே இன்ஜினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது நல்லது. மலை ஏறி உச்சியில் நிறுத்தும்போது இது இன்னும் முக்கியம். டர்போ கொதிக்கக் கொதிக்க இருக்கும், எண்ணெய் ஓட்டம் சட்டென்று நின்றால் உள்ளே அது கருகிப் படியும்.

மைலேஜுக்கு வருவோம். அராய் என்ற வாகனச் சோதனை நிறுவனம் சொன்னது லிட்டருக்கு 20.77 கி.மீ. எனக்குக் கிடைப்பது: நான்கு வழிச்சாலையில் நான்கைந்து பேர், 80–90 வேகம், ஏசியோடு 20-ஐ ஒட்டி. ஏழு பேரும் ஏறினால் 17, 18. ஊருக்குள் 14, 15. கொல்லிமலை ஏறி இறங்கினால் 12, 13-க்கும் வரும். வேகம் 110-ஐத் தொட்டால் மைலேஜ் கண்ணுக்குத் தெரிந்தே விழும். உயரமான வண்டி, 1,685 மி.மீ., காற்றைக் கிழிக்க நிறையச் செலவாகிறது. டேங்க் 45 லிட்டர். மைலேஜைப் பார்க்க டாஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், கொஞ்சம் தாராளமாகத்தான் காட்டும். ஒரே பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, அடுத்த முறையும் அங்கேயே அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்தால் வருவதுதான் கணக்கு.

இப்போது பணக் கணக்கு. 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அன்றைக்கு யோசிக்காமல் எல்லாரும் டீசல் வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. இப்போது பெட்ரோல் நூறை ஒட்டி, டீசல் தொண்ணூற்றிரண்டை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டி சராசரியாக 18 கொடுத்தால் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் சொச்சம். சித்தப்பா மகனிடம் அதே வருட பெட்ரோல் எர்டிகா இருக்கிறது. அவனுக்கு 12, 13-தான் வருகிறது, கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் மூவாயிரம் ரூபாய் அளவுக்கு வித்தியாசம். அந்த அளவு ஓடுகிறவர்களுக்கு டீசல் லாபம். மாதம் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் மட்டும், அதுவும் பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று ஓடுகிறவர் டீசல் பக்கமே வரவேண்டாம். டீசல் சர்வீஸ் செலவு கூடுதல். அதோடு குட்டி குட்டிப் பயணத்தில் இன்ஜின் முழுதாகச் சூடேறாமல், புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி படியும். இது பிஎஸ்4 என்ற பழைய புகை விதிப்படி வந்த வண்டி, புகைக்கரி பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி கிடையாது. அந்த ஒரு தலைவலி இல்லை. ஆனாலும் இந்த இன்ஜினுக்கு அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நன்றாக ஓடுவது தேவை.

2015-இல் வந்த எஸ்எச்விஎஸ் என்ற ஹைபிரிட் வண்டிகளுக்கு அராய் மைலேஜ் 24.52 என்று போட்டிருப்பார்கள். ஹைபிரிட் என்ற பெயரைப் பார்த்துக் கரண்டில் ஓடும் என்று நினைக்க வேண்டாம். ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் மோட்டாராகவும் வேலை செய்யும் ஒரு ஜெனரேட்டர், கொஞ்சம் பெரிய பாட்டரி, அவ்வளவுதான். சிக்னலில் இன்ஜின் தானாக அணையும், கிளட்சை மிதித்தால் உயிர் பெறும், கிளம்பும்போது சின்ன உதவி கிடைக்கும். சிக்னல் நிறைந்த ஊரில் பலன் உண்டு. எங்களைப் போல நெடுஞ்சாலையும் மலையுமாக ஓடுகிறவர்களுக்கு அதற்கென்று கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. 2019-இல் வந்த 1.5 டீசல் வேறு ரகம்: 95 பிஎஸ், 225 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். கைக்கு எட்டினால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்ததோடு மாருதி டீசலையே விட்டுவிட்டதால் அந்த வண்டி சந்தையில் குறைவு, விலையும் கூட.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் முதல் ஸ்டார்ட்டை நான்தான் போடுவேன் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஓடவிட்டிருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜின் முதல் இரண்டு நொடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் முன்பக்கம் காது கொடுத்தால் சங்கிலி இழுபடுகிற மாதிரி கரகரவென்ற சத்தம் வருகிறதா என்று தெரியும். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். பெல்ட் மாதிரி குறிப்பிட்ட தூரத்தில் மாற்ற வேண்டியதில்லை என்பது நல்ல விஷயம். ஆனால் எண்ணெய் மாற்றாமல் ஓட்டினால் செயின் நீளும், சத்தம் காட்டும். அந்தச் சத்தம் சூடானதும் குறைந்துவிடும், அதனால்தான் குளிர்ந்த ஸ்டார்ட் வேண்டும் என்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி மெல்லத் தூக்கிப் பாருங்கள். லேசான காற்று வருவது சகஜம். குக்கர் மாதிரி விட்டு விட்டுப் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. புகைக்குழாயில் மிதிக்கும்போது வரும் சின்னக் கருப்புப் புகைக்குப் பயப்பட வேண்டாம். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் இன்ஜெக்டரையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்பட வேண்டும். கிளட்சுக்கு ஒரு சோதனை: ஆளில்லாத ரோட்டில் நான்காவது கியரில் 50-இல் போய்ச் சட்டென்று முழுக்க மிதியுங்கள். முள் மட்டும் குதித்து ஏறி வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் போய்விட்டது. அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

அப்புறம் பின்வரிசை. வீட்டு வண்டியில் மூன்றாவது வரிசை சீட் அதிகம் தேய்ந்திருக்காது. அங்கே சீட் பள்ளமாகி, பெல்ட் கொக்கி பளபளத்து, நடுவரிசை சீட் நகரும் தண்டவாளம் ஆட்டம் காட்டினால் அது வாடகைக்கு ஓடிய வண்டி. மஞ்சள் போர்டில் இருந்து சொந்த போர்டுக்கு மாற்றிய வண்டிகள் இந்த மாடலில் நிறைய உண்டு. மாற்றுவது சட்டப்படி சரிதான், ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். மீட்டரில் எண்பதாயிரம் என்று இருந்து கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று இருந்தால் எது உண்மை என்று சொல்லத் தேவையில்லை. வண்டி எண்ணைக் கொடுத்து ஷோரூமில் சர்வீஸ் வரலாறு கேட்டால் தெரிந்துவிடும்.

டெல்லிப் பதிவு வண்டிகள் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கு அங்கே 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டதில் இருந்து அங்கிருந்து சல்லிசான விலைக்குத் தெற்கே வண்டிகள் வருகின்றன. விலை கண்ணை இழுக்கும். ஆனால் என்ஓசி (ஆட்சேபமில்லைச் சான்று) வாங்கி இங்கே மறுபதிவு செய்து, சாலை வரி கட்டி, அலைந்து முடிக்கும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது. உள்ளூர் ஆர்சி, கடன் முடிந்ததற்கான படிவம் 35, பெயர் மாற்ற 29, 30 கையில் வந்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.

பராமரிப்பில் எண்ணெய்தான் முதலும் முடிவும். லாரிக்குப் பல லிட்டர் எண்ணெய் பிடிக்கும், இதற்கு மூன்று லிட்டர் சொச்சம்தான். குறைந்த எண்ணெய் என்பதால் சீக்கிரம் அழுக்காகும். கம்பெனி சொல்வது பத்தாயிரம் கிலோமீட்டர், நான் அதற்கு முன்பே மாற்றிவிடுகிறேன். எங்கள் ஊர் லாரி ஊர், ஒர்க்‌ஷாப் எங்கும் லாரி எண்ணெய் பேரலில் நிற்கும். “டீசலுக்கு டீசல் எண்ணெய்தானுங்க” என்று அதையே ஊற்றப் பார்ப்பார்கள். கையேட்டில் சொன்ன கிரேடு டப்பாவை நாமே வாங்கிக்கொண்டு போய், சீல் உடைத்து ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் வழி. மாற்றிய மறுநாளே டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கறுத்துவிடும். அது டீசலின் இயல்பு.

அடுத்தது டீசல் ஃபில்டர். காமன் ரெயிலில் டீசல் ஆயிரம் பாருக்கு மேலான அழுத்தத்தில் தலைமுடி அளவுத் துளை வழியே தெளிக்கப்படுகிறது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரும் பகை. ஃபில்டர் விளக்கு எரிந்தால் இன்னொரு நூறு கிலோமீட்டர் போகலாம் என்று நினைக்காமல் தண்ணீரை வடிக்க வேண்டும். கூட்டம் வரும் பங்க்கில் நிரப்புங்கள், டேங்க் லாரி இறக்கிக்கொண்டிருக்கும்போது நிரப்பாதீர்கள், அடியில் கிடக்கும் கசடு அப்போதுதான் கலங்கும். டேங்க்கைக் காயவிடவும் கூடாது. டீசலில் காற்றுப் பிடித்தால் அதை எடுக்கும்வரை வண்டி நகராது.

இடவசதியைப் பொறுத்தவரை ஏழு பேர் என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும். ஸ்விஃப்ட் அடித்தளத்தை நீட்டிச் செய்த வண்டி. நீளம் 4,265 மி.மீ., அந்தக் கால இன்னோவாவைவிட ஓரடி குறைவு. அதனால்தான் எங்கள் சந்தில் திரும்புகிறது. அந்த ஓரடியைப் பின்வரிசையில் உட்காருகிறவர் கொடுக்கிறார். முழங்கால் மேலே தூக்கி நிற்கும், பெரியவர்களால் ஒரு மணி நேரத்துக்கு மேல் முடியாது. பிள்ளைகளுக்கு அது ராஜ்ஜியம். நடுவரிசை முன்னும் பின்னும் நகரும் என்பதால் அதை இரண்டு மூன்று விரற்கடை முன்னே தள்ளினால் பின்னால் இருப்பவர் பிழைப்பார். ஏழு பேரும் ஏறினால் பொருள் வைக்க 135 லிட்டர் இடம்தான், இரண்டு பெட்டியை நிறுத்தி வைக்கலாம். மூன்று நாள் பயணம் என்றால் சூட்கேஸை வீட்டில் வைத்துவிட்டுத் துணிப் பைகளில் கட்டுங்கள், சீட்டுக்கு அடியிலும் இண்டு இடுக்கிலும் அமுங்கும். மேலே கேரியர் போட்டால் மைலேஜ் குறையும், வளைவில் ஆட்டமும் கூடும். முதல் தலைமுறையில் கீழ் வகைகளுக்கு ஏர்பேக் கிடையாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும், பார்க்கும் வண்டி எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முழுச் சுமையோடு கிளம்பும்போது இரண்டு காரியம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய சீட்டில் சுமைக்குத் தனியாக டயர் காற்று அளவு போட்டிருக்கும், பின் டயருக்கு அதன்படி ஏற்றுங்கள். பங்க் பையன் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு அடிக்கத்தான் பார்ப்பான். இரண்டாவது, வண்டியின் பின்பக்கம் தாழ்வதால் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் எண் போட்ட ஒரு சின்ன உருளை இருக்கும், அதைத் திருப்பினால் வெளிச்சம் கீழே இறங்கும். வருடக்கணக்கில் வண்டி வைத்திருப்பவர்களே அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

என் வண்டிக்கு 2029-இல் பதினைந்து வருடம் முடிகிறது. அப்போது எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். இன்ஜின் இதே மாதிரி இருந்தால் புதுப்பித்து ஓட்டுவதாகத்தான் எண்ணம். மாமா மட்டும் இப்போதே விலை கேட்டு வைத்திருக்கிறார்.